ஆயாவின் உதடு வீங்கியதை எங்கே எழுதிக் கொடுப்பது?

வாசகி கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். நாகர்கோவிலில் நர்சிங் படித்தேன். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து, இங்கே பதிவு செய்து, சாட்ஸ்வர்த் பக்கம் ஓர் அரசு கிளினிக்கில் நான்கு வருடமாக சிஸ்டராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் ஓர் ஆயாவுக்கு வயது 68. மார்ச் மாதம் பிரஷருக்கு எனாலாப்ரில் தொடங்கினோம். ஏப்ரலில் வறட்டு இருமலோடு வந்தார், சிரப் கொடுத்தோம். மறுபடி வந்தார், அமாக்சிசிலின் கொடுத்தோம். மூன்றாவது முறை சளி எடுத்து டி.பி. பரிசோதனைக்கு அனுப்பினோம், ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று விடியற்காலை உதடு இரண்டும் வீங்கி, பேச்சே குழறியிருக்கிறது. முந்தின நாள் மத்தியானம் மாங்காய் ஊறுகாய் ருசி பார்த்ததுதான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்து, பக்கத்து டாக்டரிடம் அலர்ஜி ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தவில்லை. போன வாரம் மகள் போனில் அந்தப் படத்தைக் காட்டியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. டாக்டரிடம் சொன்னேன். "எனாலாப்ரில்தான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, மாத்திரையை மாற்றினால் முடிந்தது" என்றார். மருந்தால் வந்த பாதிப்பை அறிவிக்கும் ஏ.டி.ஆர். ஃபார்ம் எழுதட்டுமா என்று கேட்டேன். பொறுப்பு சிஸ்டர், "ஃபார்ம் போனால் டிஸ்ட்ரிக்டிலிருந்து ஆள் வரும், இருமலோடு மூன்று தடவை வந்தவருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்" என்கிறார். நான் எழுத வேண்டுமா? நர்ஸ் எழுதினால் செல்லுமா? ஆயாவின் பெயர் வெளியே போகுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

எழுதுங்கள். நர்ஸ் எழுதினாலும் செல்லும். ஆயாவின் பெயர் வெளியே போகாது. ஆனால் ஃபார்மை எடுப்பதற்கு முன் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

டாக்டர் சொன்னபடி மாத்திரையை மாற்றப்போகிறீர்கள், சரி. பழைய மாத்திரை எங்கே? ஆயா பார்சல் மருந்து வாங்குகிறவரா என்று ஃபைலில் பாருங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்தைப் பொட்டலமாகக் கொடுக்கும் சி.சி.எம்.டி.டி. என்ற அரசுத் திட்டத்தில் சேர்த்திருந்தால், நீங்கள் கிளினிக்கில் மருந்து மாற்றிய விஷயம் பொட்டலம் போடும் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. பழைய ப்ரிஸ்கிரிப்ஷனை ரத்து செய்து சொல்லி அனுப்பாவிட்டால், அடுத்த தடவை ஆயாவின் பெயர் ஒட்டிய பொட்டலத்துக்குள் அதே எனாலாப்ரில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆயாவும் கவர்மென்ட் கொடுத்த மருந்து என்று மரியாதையாக விழுங்குவார். வீட்டில் மிச்சமிருப்பதையும் மகளைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி ஃபார்மசியில் ஒப்படையுங்கள். நம் வீடுகளில் மாத்திரையைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. பக்கத்து வீட்டிலும் பிரஷர் என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஃபைலின் மேல் அட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள். எனாலாப்ரில் என்று மட்டும் எழுதினால் போதாது. பெரிண்டோப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், இப்படி "ப்ரில்" என்று முடிகிற எதுவும் ஆயாவுக்கு இனி வாழ்நாளில் ஆகாது. தனியார் டாக்டரிடம் போனால் வேறு ப்ரில் எழுதிக் கொடுக்கலாம், அவருக்கு முன்கதை தெரியாது. அதனால் ஒரு சின்னச் சீட்டில் இதை எழுதி ஆயாவின் பர்சிலும் வைத்துவிடுங்கள். மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குள் வீக்கம் திரும்ப வருவதுண்டு. நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டாலோ கிளினிக்குக்கு வரக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லுங்கள். இந்த வீக்கத்தில் உயிர் போவது மூச்சுப் பாதை அடைத்துத்தான். மாற்று மருந்தாக லோசார்டனை யோசித்தால் டாக்டரோடு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள். இருமல் மட்டும் இருந்தவருக்கு அது சரியான மாற்று. உதடு வீங்கியவருக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், அம்லோடிபின் போன்ற வேறு வகை இருக்கும்போது அவசரம் இல்லை.

இப்போது ஊறுகாய்க்கு வருவோம். அதன்மேல் பழி போட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் இந்தப் பழியால்தான் அடுத்த மாத்திரையும் உள்ளே போயிற்று. உணவு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அரிப்பு இருக்கும், உடம்பில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். முந்தின நாள் மத்தியானம் தொட்டு நாக்கில் வைத்த ஊறுகாய் மறுநாள் விடியற்காலை உதட்டை மட்டும் வீங்க வைக்காது. மகளிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்: அன்றைக்கு ஆயா சொறிந்துகொண்டாரா, தடிப்பு இருந்ததா? இல்லை என்று சொல்வார் என்றே நினைக்கிறேன்.

நம் உடம்பில் பிராடிகைனின் என்று ஒரு பொருள் உண்டாகிறது. அதை உடைத்து அப்புறப்படுத்தும் நொதிகளில் முக்கியமானது ஏ.சி.இ. எனாலாப்ரில் அந்த நொதியைத்தான் அடக்குகிறது. பிரஷர் இறங்குகிறது. கூடவே, உடைய வேண்டிய பிராடிகைனின் தேங்குகிறது. காற்றுக் குழாயில் அது செய்யும் வேலை வறட்டு இருமல், உதட்டிலும் நாக்கிலும் செய்வது வீக்கம். அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமினுக்கு இதில் வேலையே இல்லை. ஆகவே அலர்ஜி ஊசி இதற்குப் பெரிதாகக் கேட்காது. வீக்கம் ஒன்றிரண்டு நாளில் தானாக வடியும். ஊசி போட்ட பிறகு வடிந்ததால் ஊசியில் வடிந்தது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள், அலர்ஜிதான் என்ற முடிவு இன்னும் கெட்டிப்படுகிறது. எனாலாப்ரில் தொடங்கி மாதக் கணக்கில், சில பேருக்கு வருடக் கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று வருவதும் உண்டு. "இத்தனை நாள் ஒத்துக்கொண்ட மருந்து இன்றைக்கா ஒத்துக்காமல் போகும்" என்ற கேள்வி அதனால்தான் ஏமாற்றுகிறது.

ஆயாவின் இருமலுக்குச் சிரப், பிறகு ஆன்டிபயாடிக், பிறகு சளிப் பரிசோதனை. உங்களைக் குறை சொல்ல இதைத் திரும்ப எழுதவில்லை. இந்த ஊரில் இருமல் என்றால் டி.பி. பார்த்தே ஆக வேண்டும், அது சரியான வேலை. ஆனால் ஒரு மருந்து உண்டாக்கிய தொல்லைக்கு இன்னொரு மருந்து, அதன் தொல்லைக்கு மூன்றாவது மருந்து என்று போவதை நான் தினமும் பார்க்கிறேன். புதிதாக ஒரு தொல்லை வந்தால், "இதற்கு முன்னால் புதிதாக எந்த மாத்திரை தொடங்கினோம்?" என்று ஃபைலை இரண்டு பக்கம் பின்னால் புரட்டும் பழக்கம் நர்ஸ்களிடம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். உங்களுக்கும் நேரம் இல்லைதான், ஆனாலும் மகள் உங்களிடம்தானே போனை நீட்டினார்?

டாக்டர் சொன்ன "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்ற வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. அவர் சொன்னது உண்மை. எனாலாப்ரிலில் உதடு வீங்கும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. எவ்வளவு பேருக்கு, யாருக்கு, எத்தனை பேரை இப்படி ஊறுகாய் அலர்ஜி என்று அனுப்பிவைக்கிறோம் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதா? அமெரிக்க ஆய்வுகளில் கறுப்பின மக்களுக்கு இந்த வீக்கம் மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம் வந்தது. உங்கள் கிளினிக் வரிசையில் ஆயாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஜூலு கோகோவுக்கும், அதாவது பாட்டிக்கும், அதே வெள்ளை மாத்திரைதான் போகிறது. அந்த கோகோ எச்.ஐ.வி. மருந்தும் சாப்பிடலாம், டி.பி. மருந்தும் சாப்பிடலாம், நாட்டு வைத்தியரான சங்கோமா கொடுத்த வேரும் சாப்பிடலாம். இந்தக் கலவையை எந்த நாட்டு மருந்துச் சோதனையிலும் யாரும் பார்த்ததில்லை. இங்கே நாம் எழுதினால்தான் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் நான்கு ஆஸ்பத்திரிகளின் மெடிக்கல் வார்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் ஃபைல் ஃபைலாக உட்கார்ந்து பார்த்து, 2015-லும் 2016-லும் வெளியிட்டார்கள். வார்டுக்கு வந்த நூறு பேரில் எட்டுப் பேருக்கு மேல் வந்ததற்குக் காரணம் மருந்தின் பாதிப்பு. வார்டில் நேர்ந்த சாவுகளில் நூற்றுக்கு 16-ல் மருந்துக்குப் பங்கு இருந்தது. அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை தவிர்த்திருக்கக் கூடியவை. அடிக்கடி வந்த பெயர்கள், எச்.ஐ.வி., டி.பி. நோயாளிகளுக்குக் கொடுக்கும் டெனோஃபோவிர், ரிஃபாம்பிசின், கோட்ரைமாக்சசோல். மூன்றும் எல்லாருக்கும் தெரிந்த மருந்துகள், மூன்றின் பாதிப்பும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தெரிந்ததுதானே என்று நானும் ஒரு காலத்தில் விட்டிருக்கிறேன், தங்கை. அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்வது நியாயம் இல்லை.

அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.வி. சிகிச்சையைத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அதற்கு முந்தின வருடங்களில் வாரத்துக்கு எத்தனை இழவு என்று எண்ணிக்கொண்டிருந்த ஊர் இது. மருந்து வந்ததும் படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். முதல் வரிசை மருந்துகளில் ஒன்று ஸ்டாவுடின், நாங்கள் டி4டி என்போம். நான் அப்போது ஓர் ஆஸ்பத்திரி ஃபார்மசியில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த மருந்தை எண்ணிக் கொடுத்தவள். வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா, நாற்பது வயதிருக்கும், நல்ல பருமன். மருந்து தொடங்கி எட்டு மாதம் போல ஆகியிருந்தது. ஒரு நாள் ஜன்னலில் நின்று தன் பாவாடை இடுப்பை இழுத்துக் காட்டி, இளைத்துவிட்டேன் பார் என்று சிரித்தார். குமட்டலாக இருக்கிறது என்றும் சொன்னார். மெட்டோக்ளோப்ரமைடு கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வாந்தி நிற்காமல், மூச்சு இரைக்க இரைக்க வார்டில் சேர்த்தார்கள். இரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலப் பொருள் ஏறியிருந்தது. இறந்துபோனார்.

அந்த ஆறு மாதத்துக்குள் அதே மாதிரி இன்னும் இரண்டு பெண்கள். இருவரும் பருமன், இருவருக்கும் முதலில் குமட்டல், திடீரென்று உடல் மெலிவு. மூன்று ஃபைலிலும் நான் எழுதிய குறிப்பு இருக்கிறது, மெட்டோக்ளோப்ரமைடு கொடுத்ததாக. ஃபார்ம் ஒன்றுகூடப் போகவில்லை. டி4டி லாக்டேட்டை ஏற்றும் என்பது அப்போதே அச்சில் இருந்தது, ஆகவே தெரிந்ததுதானே. அச்சில் எங்கள் கண்ணில் படாமல் இருந்தது, பருமனான பெண்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும், குமட்டலும் மெலிவும்தான் முதல் எச்சரிக்கை மணி என்பதும். நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது அது தெரிந்தது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் யாருக்கும் 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்றது. அதுவரை இங்கே எடை கூடியவர்களுக்கு 40. 2010-ல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஸ்டாவுடினை நிறுத்தி டெனோஃபோவிருக்கு மாறினோம். என் மூன்று ஃபார்ம் போயிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் போல் எத்தனை ஜன்னல்களில் எத்தனை பேர் மூன்று மூன்றாக வைத்துக்கொண்டிருந்தோமோ, அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வராத இரவுகள் உண்டு. அந்த அம்மா இளைத்த இடுப்பைக் காட்டிச் சிரித்தது அப்படியே கண்ணில் நிற்கிறது.

பொறுப்பு சிஸ்டரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவரும் இல்லை, அந்தக் கிளினிக்கை நடத்துகிறவர். 2006-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 12 நாடுகளில் நடந்த 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்து பாதிப்புகளில் எழுதப்படாமல் போவது நூற்றுக்கு 94 என்ற அளவில் இருந்தது. எழுதாமல் விடுகிற மனத்தை முதலில் அலசியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பில் இன்மன். அவர் சொன்ன காரணங்களில் சோம்பலும் உண்டு, அறியாமையும் உண்டு. எனக்கு அனுபவத்தில் பெரிதாகத் தெரிவது இரண்டு. "நம் தலையில் விழுமோ" என்ற பயம், "உறுதியாகத் தெரியாமல் எப்படி எழுதுவது" என்ற தயக்கம்.

பயத்துக்குப் பதில் ஃபார்மிலேயே இருக்கிறது. இந்த அறிக்கையை அனுப்புவதால் மருத்துவப் பணியாளரோ மருந்தோ காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். எழுதியவர் பெயரும் நோயாளியின் அடையாளமும் இரகசியமாக வைக்கப்படும். நோயாளியைக் குறிக்க முதலெழுத்துகள், வயது, எடை, ஆணா பெண்ணா, இவ்வளவு போதும். இது போவது பிரிட்டோரியாவில் உள்ள சாப்ராவுக்கு, அதாவது 2018 பிப்ரவரியில் பழைய எம்.சி.சி.யின் இடத்துக்கு வந்த மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு. அவர்கள் தேடுவது மருந்தின் குணத்தை, உங்கள் கிளினிக்கின் குறையை இல்லை. புகார்ப் பெட்டி வேறு, இது வேறு. பொறுப்பு சிஸ்டரிடம் ஃபார்மை எடுத்து அந்த வரியைக் காட்டுங்கள். அவரைத் தாண்டிப் போகிறேன் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். "நீங்களும் படித்துப் பார்த்துச் சொல்லுங்க மேட்ரன், அனுப்புகிறேன்" என்று கேளுங்கள். இருமலைப் பற்றிய கேள்வி வந்தாலும் வரட்டும், பதில் உங்கள் ஃபைலில் ஒழுங்காக இருக்கிறது: வந்தார், பார்த்தோம், டி.பி. இல்லை என்று உறுதி செய்தோம். அது ஒளிக்க வேண்டிய விஷயமா?

தயக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலும் அது மறைந்து நிற்கிறது, "நர்ஸ் எழுதினால் செல்லுமா" என்பதில். சந்தேகம் போதும். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. நர்ஸ், ஃபார்மசிஸ்ட், டாக்டர், பல் டாக்டர், ஏன், ஆயாவின் மகள்கூட எழுதலாம். உங்கள் காகிதம் தனியாக நின்றால் அது ஒரு கிழவியின் உதடு. பிரிட்டோரியாவில் மற்றவற்றோடு சேர்ந்து, அங்கிருந்து ஸ்வீடனில் உப்சாலா நகரத்தில் இருக்கும் உலகத் தொகுப்புக்குப் போகிறது. தாலிடோமைடு கொடுமைக்குப் பிறகு 1968-ல் தொடங்கிய ஏற்பாடு அது. தென்னாப்பிரிக்கா 1992-ல் சேர்ந்தது. மூன்று கோடிக்கும் மேல் அறிக்கைகள் அங்கே இருக்கின்றன. ஒரு மருந்தின் பெயரும் ஒரு தொல்லையின் பெயரும் எதிர்பார்த்ததைவிட அடிக்கடி ஜோடியாக வருகிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். நீங்கள் "இருக்கலாம்" என்று எழுதுவதை "இருக்கிறது" என்று யாரும் படிப்பதில்லை.

சந்தேகம் தப்பாகிப் போனால்? போகும், சில சமயம். நம் பக்கத்து நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2018-ல் போட்ஸ்வானாவில் பிரசவங்களைக் கண்காணித்துக்கொண்டிருந்த குழு ஒன்று, கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 426 பெண்களின் குழந்தைகளில் நால்வருக்குத் தண்டுவடக் குறை இருந்ததைக் கண்டு உடனே வெளியே சொன்னது. உலகம் முழுக்கப் பதற்றம். இங்கேயும் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அந்த நல்ல மருந்தைக் கொடுக்கக் கை நடுங்கியது. எண்ணுவதை அவர்கள் நிறுத்தவில்லை. அடுத்த வருடம் 1683 பேரில் ஐந்து என்று ஆயிற்று. மேலும் எண்ண எண்ண மற்ற மருந்துகளோடு வித்தியாசமே இல்லை என்று முடிந்தது. நடுவில் அந்தப் பெண்கள் சிலருக்கு நல்ல மருந்து தாமதமானது நஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த நஷ்டத்தைத் தீர்த்துவைத்ததும் எண்ணிக்கைதான். முதல் நான்கைச் சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களை யார் இவ்வளவு கவனமாக எண்ணியிருப்பார்கள்?

கனாமைசின் ஊசி ஞாபகம் இருக்கிறதா, அல்லது நீங்கள் வருவதற்கு முன்பே போய்விட்டதா? மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.க்கு மாதக் கணக்கில் போடுவோம். டி.பி. குணமாகும், காது போய்விடும். வார்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பையன்களை முதலில் கண்டுபிடித்ததும் சிஸ்டர்கள்தான். 2018-ல் இந்த நாடு அந்த ஊசியைக் கைவிட்டு பெடாக்விலின் மாத்திரைக்கு மாறியதற்குப் பின்னால் அப்படிப்பட்ட காதுகளின் கணக்கு இருக்கிறது.

எல்லாவற்றையும் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். லேசான குமட்டல், அமாக்சிசிலினில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, இவற்றைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஃபைலில் குறித்தால் போதும். உயிருக்கு ஆபத்தானது, ஆஸ்பத்திரியில் சேர்த்தது, ஊனம் விட்டுச் சென்றது, கருவைத் தாக்கியது, புதிய மருந்தில் எது வந்தாலும், பழைய மருந்தில் கேள்விப்படாதது வந்தாலும் எழுதுங்கள். ஆயாவுக்கு இருமல் மட்டும் இருந்திருந்தால் உங்கள் விருப்பம் என்றிருப்பேன். உதடு வீங்கிப் பேச்சுக் குழறியது என்றால் மூச்சுப் பாதைக்கு இரண்டு விரல் தூரம்.

நாட்டு மருந்தையும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. இந்த மாகாணத்தில் இம்பிலா வேரைக் குடித்து ஈரலும் சிறுநீரகமும் போனவர்கள் உண்டு. நம்மவர்கள் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவரும் லேகியமும் பஸ்பமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆயாவிடம் கேளுங்கள், ஆனால் மிரட்டுகிற குரலில் கேட்டால் ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் பதில் வரும். "இருமலுக்கு வீட்டில் என்ன கஷாயம் வைத்தீங்க ஆயா?" என்று கேட்டால் எல்லாம் வரிசையாக வரும்.

ஃபார்ம் காகிதமாகக் கிடைக்கும். போனில் மெட் சேஃப்டி ஆப் இறக்கிக்கொண்டால் கிளினிக் டீ நேரத்துக்குள் முடித்துவிடலாம். உங்கள் ஃபார்மசிஸ்ட்டுக்கு ஒரு பிரதி கொடுங்கள், மருந்துகளைப் பற்றி முடிவெடுக்கும் டிஸ்ட்ரிக்ட் பி.டி.சி. கமிட்டியில் அவர் வைக்கலாம். எச்.ஐ.வி., டி.பி. மருந்து பற்றிய சந்தேகம் என்றால் கேப் டவுன் பல்கலைக்கழகத்து மருந்துத் தகவல் மையம் சுகாதாரப் பணியாளர்களுக்கென்றே நடத்தும் இலவச ஹாட்லைன் இருக்கிறது. கூப்பிட்டால் பொறுமையாகப் பேசுவார்கள், ஃபார்ம் எழுதவும் உதவுவார்கள்.

குறைந்தபட்சம் நான்கு இருந்தால் அறிக்கை ஏற்கப்படும்: யாருக்கு, எந்த மருந்து, என்ன ஆயிற்று, எழுதியவர் யார். அதற்கு மேல் நீங்கள் சேர்க்க வேண்டியது தேதிகள். தொடங்கிய தேதி, தொல்லை வந்த தேதி, நிறுத்திய தேதி, நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று. மருந்தின் பொதுப் பெயரோடு டப்பாவில் உள்ள கம்பெனிப் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதுங்கள். டெண்டர் மாறினால் அதே எனாலாப்ரில் வேறு கம்பெனி டப்பாவில் வரும், கோளாறு மருந்திலா அந்தக் குறிப்பிட்ட பேட்ச்சிலா என்று பின்னால் பிரிக்க அந்த எண் வேண்டும். மகள் திருப்பிக் கொண்டுவரும் மாத்திரை அட்டையின் ஓரத்தில் அது இருக்கும். ஃபார்மசியில் ஒப்படைக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள்.

விவரம் எழுதும் கட்டத்தில்தான் பலர் பேனாவோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன், நீங்கள் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்:

"68 வயதுப் பெண். பிரஷருக்காக மார்ச் மாதம் எனாலாப்ரில் தொடங்கப்பட்டது. ஏப்ரலில் வறட்டு இருமல். சிரப், அமாக்சிசிலின் பலன் தரவில்லை. சளியில் டி.பி. இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலை இரண்டு உதடும் வீங்கின, பேச்சு குழறியது. அரிப்பு, தடிப்பு: (மகளிடம் கேட்டு நிரப்புங்கள்). தனியார் டாக்டரிடம் அலர்ஜி ஊசி. வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது. அப்போது மருந்து நிறுத்தப்படவில்லை. பின்னர் கிளினிக்கில் நிறுத்தப்பட்டு மாற்று மருந்து கொடுக்கப்பட்டது. மற்ற மருந்துகள், வீட்டுக் கஷாயம்: கீழே. எனாலாப்ரிலால் வந்த வீக்கம் என்று சந்தேகிக்கிறோம்."

மருந்தை நிறுத்தியபின் இருமல் போயிற்றா என்ற ஒரு வரிக்கு இடம் விட்டு வையுங்கள். போக ஒன்றிலிருந்து நாலு வாரம் ஆகலாம், சில பேருக்கு இன்னும் கூடுதலாகும். அதற்காக ஃபார்மை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இப்போதே அனுப்பிவிட்டு, ஆயா அடுத்த முறை வரும்போது கேட்டு, தொடர்ச்சி என்று குறித்து அனுப்பினால் முதல் அறிக்கையோடு சேர்த்துக்கொள்வார்கள். மகளின் போனில் இருக்கும் அந்தப் படத்தையும் இணைத்தால் நல்லது. ஆயாவிடம் கேட்டுவிட்டு, கண்ணும் நெற்றியும் தெரியாமல், உதடு மட்டும் தெரியும்படி வெட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா